எளிய சீட்டுக் கணக்கு எது: ஹை-லோவா, நாக்-அவுட்டா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். 21ஐத் தாண்டாமல், சீட்டு வழங்கும் டீலரை விட அதை நெருங்க முயலும் ஆட்டமான பிளாக்ஜாக்கை, ஆறு கட்டுகளை ஒன்றாகக் கலந்து ஆடும் மேசைகளில் நீங்கள் பல மாதங்களாக ஆடிவருகிறீர்கள். எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அடிப்படை ஆட்டமுறை அட்டவணை உங்களுக்கு ஏறத்தாழ மனப்பாடம். வெளிவந்த சீட்டுகளை எண்ணி எஞ்சியவற்றை மதிப்பிடும் ஹை-லோ என்ற சீட்டுக் கணக்கை வீட்டில் பழகியபோது கூட்டலும் கழித்தலும் சரளமாக வந்தன. ஆனால் மேசையில் அமர்ந்து, மீதமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டிய நேரத்தில் கணக்கு கைநழுவிப் போகிறது. நண்பர் ஒருவர் ஒமேகா-2 முறைதான் வலிமையானது என்கிறார். இன்னொருவர் ஏஸையும் ஐந்தையும் மட்டும் எண்ணினாலே போதும் என்கிறார். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது, இதற்கென எவ்வளவு பணம் ஒதுக்குவது, இணையவழி ஆட்டத்துக்கு இது உதவுமா, பின்னாளில் எட்டுக் கட்டு மேசைக்கு மாறினால் வேறொன்றைக் கற்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நிகழ்தகவுக் கணிதத்தைக் கற்பிப்பதும் அதைச் சீட்டாட்டத்துக்குப் பயன்படுத்த விரும்புவோருக்கு ஆலோசனை சொல்வதும் என் தொழில். அந்த முறையில் என் பதிலை முதலிலேயே சொல்கிறேன்: நீங்கள் நாக்-அவுட் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், கற்றபின் அதை விட்டு வேறொன்றுக்குத் தாவாதீர்கள். உங்களுக்குக் கூட்டல் வருகிறது, வகுத்தல் வரவில்லை. வகுத்தல் இல்லாமலே ஏறத்தாழ அதே பலனைத் தருவதற்கென்று உருவாக்கப்பட்ட முறை அது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சீட்டுக் கணக்கு எதனால் பலன் தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பத்து மதிப்புள்ள சீட்டுகளும் (10, ஜாக், ராணி, ராஜா) ஏஸ்களும் சீட்டு வழங்கும் பெட்டியில் மிகுதியாக எஞ்சியிருக்கும்போது ஆட்டம் உங்கள் பக்கம் சாய்கிறது. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வரும் வாய்ப்பு உங்களுக்கும் டீலருக்கும் சமமாகவே கூடினாலும், அது உங்களுக்கு வரும்போது ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. டீலருக்கு வரும்போது நீங்கள் இழப்பது போட்ட தொகையை மட்டுமே. 16 வரை கட்டாயமாகச் சீட்டு எடுத்தாக வேண்டிய டீலர் பெரிய சீட்டுகள் மலிந்த நேரத்தில் 21ஐத் தாண்டிப் போவதும் அதிகம். நீங்களோ 13இலும் 14இலும் நின்றுகொள்ளலாம். 10, 11 போன்ற கைகளில் பந்தயத்தை இரட்டிப்பாக்கும்போது பத்து வந்து விழும் வாய்ப்பும் கூடுகிறது. சிறிய சீட்டுகள் எஞ்சியிருக்கும்போது இவையெல்லாம் தலைகீழாகின்றன. ஒரே கட்டு ஆட்டத்தில் ஒரு ஐந்தை மட்டும் நீக்கினால் ஆடுபவரின் நிலை ஏறத்தாழ 0.69 சதவீதம் மேம்படுகிறது. எல்லாச் சீட்டுகளிலும் மிகப் பெரிய விளைவு இதுதான். ஒரு ஏஸை நீக்கினால் சுமார் 0.61 சதவீதமும், பத்து மதிப்புள்ள ஒரு சீட்டை நீக்கினால் சுமார் 0.51 சதவீதமும் குறைகிறது. எட்டை நீக்கினால் ஏறத்தாழ மாற்றமே இல்லை. எந்தச் சீட்டுக் கணக்கு முறையும் இந்த எண்களைத் தலையில் சுமக்கக்கூடிய முழு எண்களாகச் சுருக்கும் முயற்சியே.

அந்தச் சுருக்கம் படிப்படியாகவே எளிதானது. 1956இல் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய நால்வர் மேசைக் கணிப்பான்களைக் கொண்டு அடிப்படை ஆட்டமுறையைக் கணக்கிட்டு அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐ.பி.எம். 704 கணினியின் துணையோடு ஆராய்ந்து, நினைவாற்றலால் இந்த ஆட்டத்தை வெல்ல முடியும் என்று 1962இல் தம் நூலில் காட்டினார். அவர் முன்வைத்த பத்துக் கணக்கில் பத்து மதிப்புள்ள 16 சீட்டுகளையும் மற்ற 36 சீட்டுகளையும் தனித்தனியே கீழ்நோக்கி எண்ணி, இரண்டின் விகிதத்தை ஒவ்வொரு கைக்கும் முன் கண்டறிய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ஹார்வி டப்னர் ஒற்றை எண்ணோடு முடிந்துவிடும் ஹை-லோவை முன்வைத்தார். 2 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்து மதிப்புச் சீட்டுகளுக்கும் ஏஸுக்கும் ஒன்றைக் கழிக்க வேண்டும். 7, 8, 9 ஆகியவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இன்றுவரை உலகெங்கும் அதிகம் பயன்படும் முறை இதுவே.

ஹை-லோவில் கூட்டி வரும் எண்ணுக்கு ரன்னிங் கவுண்ட் என்று பெயர். அது மட்டும் போதாது. ஐந்து கட்டுகள் மீதமிருக்கும்போது வரும் +5 உங்களுக்குச் சாதகம் ஏதும் இல்லாத நிலை. ஒரே கட்டு மீதமிருக்கும்போது வரும் +5 மிக நல்ல நிலை. எனவே எஞ்சிய கட்டுகளால் வகுத்து ட்ரூ கவுண்ட் என்ற எண்ணைப் பெற வேண்டும். ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறும்போது ஆடுபவரின் நிலை ஏறத்தாழ அரை சதவீதம் உயர்கிறது. அடிப்படை ஆட்டமுறையைப் பிசகாமல் ஆடினாலும் ஆட்டத்தை நடத்தும் சூதாட்ட விடுதிக்கு (காசினோவுக்கு) இருக்கும் சாதகம் சுமார் அரை சதவீதம் என்பதால், ட்ரூ கவுண்ட் 1இல் இருவரும் சமநிலைக்கு வருகிறார்கள். அதற்கு மேல் ஆட்டம் உங்களுடையது. நீங்கள் தடுமாறுவது இந்த வகுத்தலில்தான். எஞ்சிய சீட்டுகளைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அந்த மதிப்பால் வகுக்க வேண்டும், பிறகு மூல எண்ணை மறக்காமல் அதற்கே திரும்ப வேண்டும். பலர் வகுத்து முடித்ததும் வகுத்த விடையிலிருந்தே கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து அடுத்த கலைப்பு வரை அவர்கள் போடும் ஒவ்வொரு பந்தயமும் தவறான எண்ணை நம்பிப் போடப்படுகிறது.

உங்கள் நண்பர் சொல்லும் ஒமேகா-2 இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, பெருக்குகிறது. அதில் 2, 3, 7 ஆகியவற்றுக்கு ஒன்றும், 4, 5, 6 ஆகியவற்றுக்கு இரண்டும் கூட்ட வேண்டும், ஒன்பதுக்கு ஒன்றும் பத்துக்கு இரண்டும் கழிக்க வேண்டும், வகுத்தலும் உண்டு. கையை எப்படி ஆடுவது என்ற முடிவுகளில் அது ஹை-லோவை விடத் தெளிவாகவே கூர்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏஸின் மதிப்பு பூஜ்யம். எப்போது அதிகப் பந்தயம் போடுவது என்ற கேள்விக்கோ ஏஸ்தான் உயிர்நாடி. பந்தய முடிவுகளோடு ஒரு முறை எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதை 1 என்ற உச்ச மதிப்புக்கு எதிராக அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் ஹை-லோவுக்கு 0.97, நாக்-அவுட்டுக்கு 0.98, ஒமேகா-2க்கு 0.92. ஏஸ்களைத் தனியாக இன்னொரு கணக்கில் வைத்துக்கொண்டால்தான் ஒமேகா-2 முன்னேறும். ஆறு கட்டு மேசையில் கிடைக்கும் லாபத்தின் பெரும்பகுதி பந்தயத்தைக் கூட்டிக் குறைப்பதிலிருந்து வருகிறது. கையை ஆடும் விதத்தை மாற்றுவதிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. ஆகவே வலிமையான முறை என்று அவர் சொல்வது ஒரே கட்டு ஆட்டத்துக்குப் பொருந்தும். நீங்கள் அமரும் மேசையில், தனி ஏஸ் கணக்கு இல்லாமல் ஆடினால், அதிக உழைப்புக்குக் குறைந்த பலனே கிடைக்கும்.

இன்னொரு நண்பர் சொல்லும் ஏஸ்-ஐந்து கணக்கு நிச்சயமாக எளிது. ஐந்து வந்தால் ஒன்றைக் கூட்டி, ஏஸ் வந்தால் ஒன்றைக் கழித்து, எண் +2ஐ எட்டியதும் பந்தயத்தை ஏற்றலாம். மேலே சொன்ன பட்டியலில் மிகப் பெரிய விளைவுள்ள இரண்டு சீட்டுகளை அது சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனால் பதின்மூன்று வகைச் சீட்டுகளில் இரண்டை மட்டும் பார்ப்பதால், நூற்றுக்கு மேற்பட்ட பத்துகளும் ஆறுகளும் நான்குகளும் சொல்லும் செய்தி வீணாகிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில் விடுதியின் சாதகத்தைக் கரைத்துச் சமநிலையை ஒட்டிக் கொண்டுவரும். அதற்கு மேல் மிஞ்சுவது மிகச் சொற்பம். கூட்டல் கழித்தலே வராதவருக்கு அதைப் பரிந்துரைப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை.

இனி நாக்-அவுட்டுக்கு வருகிறேன். ஓலஃப் வன்குரா, கென் ஃபுக்ஸ் ஆகிய இருவரும் தங்கள் நூலின் வழியே 1998இல் பரவலாக அறிமுகம் செய்த இந்த முறை ஹை-லோவிலிருந்து ஒரே இடத்தில்தான் வேறுபடுகிறது: ஏழுக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும். 2 முதல் 7 வரை கூட்டல், 8, 9 பூஜ்யம், பத்து மதிப்புச் சீட்டுகளுக்கும் ஏஸுக்கும் கழித்தல். நீங்கள் ஏற்கெனவே பழகியதில் மாற்ற வேண்டியது ஏழு ஒன்றை மட்டுமே. ஒரு கட்டில் கூட்டும் சீட்டுகள் 24, கழிக்கும் சீட்டுகள் 20. எனவே ஒரு முழுக் கட்டை எண்ணி முடித்தால் கணக்கு பூஜ்யத்தில் நிற்காமல் +4இல் நிற்கும். இந்தச் சமமின்மை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சீட்டுகள் வெளிவர வெளிவர எண் தானாகவே மெல்ல மேலேறுகிறது. எஞ்சிய கட்டுகள் குறைவதை வகுத்தலுக்குப் பதிலாக அந்த ஏற்றமே பெருமளவு ஈடு செய்கிறது.

ஆறு கட்டு ஆட்டத்தில் புதிதாகக் கலைத்ததும் -20இல் தொடங்குங்கள். கணக்கு -4ஐ எட்டும்போது சாதகம் உங்கள் பக்கம் வந்துவிட்டதாகக் கொள்ளலாம். அதுவரை குறைந்தபட்சப் பந்தயம் மட்டுமே. டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருக்கும்போது கேட்கப்படும் இன்சூரன்ஸை (டீலருக்கு முதல் இரண்டு சீட்டில் 21 இருக்கும் என்ற பக்கப் பந்தயம்) +3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் எடுங்கள். இன்சூரன்ஸ் இரண்டு மடங்கு தருவதால், எஞ்சிய சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்தாக இருந்தால்தான் அது லாபம்; கலைத்தவுடன் ஒரு கட்டில் அந்தப் பங்கு 31 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கைப் பார்த்து அடிப்படை ஆட்டமுறையிலிருந்து விலகும் ஆட்ட மாற்றங்களில் இதைப் போலப் பலன் தருவது வேறில்லை. இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: டீலரின் பத்துக்கு எதிராக உங்களிடம் 16 இருந்து கணக்கு -4 அல்லது அதற்கு மேல் இருந்தால், சீட்டு கேட்காமல் நின்றுவிடுங்கள், அதே பத்துக்கு எதிராக 15 இருந்தால் +4 முதல் நில்லுங்கள். ஆட்ட மாற்றங்கள் பற்றி இப்போதைக்கு இவை போதும். நீண்ட பட்டியல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. அது எங்கே கொடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் முறையை நிதானமாக நம்பலாம். +4 என்ற எண் எத்தனை கட்டுகள் மீதமிருந்தாலும் ட்ரூ கவுண்ட் 4க்கே சமம். அந்த இடத்தில் நாக்-அவுட் துல்லியமானது. அதிலிருந்து விலக விலகத் துல்லியம் குறைகிறது. எடுத்துக்காட்டாக, -4 என்ற எண் ஐந்து கட்டுகள் மீதமிருக்கும்போது ட்ரூ கவுண்ட் 2.4க்கு இணை, மூன்று கட்டுகள் மீதமிருக்கும்போது 1.3; இரண்டே கட்டுகள் மீதமிருக்கும்போது பூஜ்யம். அதாவது பெட்டியின் தொடக்கத்தில் -4 சொல்வதை விட உங்கள் நிலை நன்றாகவே இருக்கிறது. கடைசிப் பகுதியில் சொல்வதை விடச் சற்று மோசமாக இருக்கிறது. எனவே கணக்கு -4ஐ முன்னதாகவே எட்டினால் தயங்காமல் பந்தயத்தை ஏற்றுங்கள். பெட்டி தீரும் தறுவாயில் எட்டினால் அவசரப்படாமல் அது பூஜ்யத்துக்கு ஏறும் வரை காத்திருங்கள். வகுத்தல் தெரியாமலே இந்த ஒரு திருத்தத்தைச் செய்துகொள்ள முடியும். வெளியேறிய சீட்டுகள் அடுக்கப்படும் தட்டைப் பார்த்தால் எவ்வளவு ஆடியாயிற்று என்று தெரிந்துவிடும்.

சிவப்பு ஏழு என்ற இன்னொரு முறையையும் சிலர் சொல்வார்கள். ஆர்னால்ட் ஸ்னைடர் 1983இல் வெளியிட்ட அந்த முறையில் ஏழுகளில் சிவப்பானவற்றை மட்டும் கூட்டுகிறோம். அதுவும் வகுத்தலைத் தவிர்க்கிறது. பலனில் பெரிய வேறுபாடு இல்லை. ஏழு வரும்போதெல்லாம் நிறத்தைப் பார்க்க வேண்டியிருப்பது தொடக்கத்தில் ஒரு கூடுதல் தடங்கல் என்பதால் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

முறைகளைப் பற்றி இவ்வளவு சொன்னபின், கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்டதைப் பேசுவது அவசியம் என்று கருதுகிறேன். ஹை-லோவுக்கும் நாக்-அவுட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. முதல் இரண்டு சீட்டில் 21 வந்தால் 3க்கு 2 என்று தராமல் 6க்கு 5 என்று தரும் மேசைகள் பெருகிவிட்டன. பத்து ரூபாய்க்குப் பதினைந்துக்குப் பதில் பன்னிரண்டு என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கை ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் பந்தயத்தில் 0.3 பங்கு குறைகிறது. டீலருக்கும் அதே கை வரும் அரிய சந்தர்ப்பங்களைக் கழித்துப் பார்த்தாலும் விடுதியின் சாதகம் சுமார் 1.4 சதவீதம் கூடிவிடுகிறது. அரை சதவீதமாக இருந்தது கிட்டத்தட்ட இரண்டு சதவீதமாகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பும் சீட்டுக் கணக்கு முறை எதுவும் இல்லை என்றே எண்ணிக்கொண்டு அத்தகைய மேசையில் அமராதீர்கள். ஏஸை 11 என எண்ணி வரும் 17இல் டீலர் நிற்காமல் மேலும் சீட்டு எடுக்கும் விதி இருந்தால் இன்னும் ஏறத்தாழ 0.2 சதவீதம் உங்களுக்கு எதிராகப் போகும், அதைச் சகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கலைப்பதற்கு முன் எவ்வளவு ஆழம் வரை சீட்டு வழங்கப்படுகிறது என்பது. ஆறு கட்டில் நான்கரை கட்டு வரை ஆடப்படும் மேசையும் மூன்று கட்டோடு நிறுத்தப்படும் மேசையும் ஒன்றல்ல. பெரும் சாதகம் தரும் தருணங்கள் பெட்டியின் பின்பகுதியில்தான் அதிகம் வருகின்றன. பாதியிலேயே கலைத்துவிடும் மேசையில் நீங்கள் காத்திருந்ததெல்லாம் குறைந்தபட்சப் பந்தயத்தோடு முடிந்துவிடும். கலைக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் கட் கார்டு எங்கே செருகப்படுகிறது என்று நின்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆடிய சீட்டுகளை உடனே உள்ளே வாங்கிக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் உள்ள மேசையில் எண்ணுவதற்கு எதுவுமே இல்லை.

பயிற்சிக்கு வருவோம். அதற்கு முன் அடிப்படை ஆட்டமுறை 'ஏறத்தாழ' மனப்பாடம் என்ற உங்கள் சொல்லில் இருக்கும் அந்த 'ஏறத்தாழ' நீங்க வேண்டும். 12ஐ வைத்துக்கொண்டு டீலரின் 2, 3 ஆகியவற்றுக்கு எதிராகச் சீட்டு கேட்பது, ஏஸும் ஏழும் சேர்ந்த 18ஐ வைத்துக்கொண்டு 9, 10, ஏஸ் ஆகியவற்றுக்கு எதிராகச் சீட்டு கேட்பது, இரண்டு எட்டுகளைப் பத்துக்கு எதிராகவும் இரண்டு தனிக் கைகளாகப் பிரிப்பது ஆகிய இடங்களில் மனம் தயங்கும். அந்தத் தயக்கம் இருக்கும் வரை கணக்கும் அந்த இடங்களில்தான் அறுந்துபோகும். கையைப் பார்த்ததும் விடை வர வேண்டும். அப்போதுதான் எண்ணுவதற்கு மனத்தில் இடம் இருக்கும்.

பிறகு ஒரு கட்டை எடுத்து, ஒரு சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். விடை 3 என்றால் ஒதுக்கிய சீட்டு 2 முதல் 7 வரையிலான ஒன்று. 5 என்றால் பத்து அல்லது ஏஸ். 4 என்றால் எட்டோ ஒன்பதோ. திருப்பிப் பார்த்தால் உங்கள் கணக்கு சரியா என்று உடனே தெரிந்துவிடும். யாரும் பக்கத்தில் இருந்து சரிபார்க்க வேண்டியதில்லை. 30 விநாடிக்குள் ஒரு கட்டைப் பிழையின்றி முடிக்கும் வேகம் வரும் வரை இதைச் செய்யுங்கள். அடுத்து இரண்டிரண்டு சீட்டாகத் திருப்புங்கள். ராஜாவும் நான்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு ஆறுகள் என்றால் கூட்டல் இரண்டு. ஏஸும் எட்டும் என்றால் கழித்தல் ஒன்று. புத்தகம் வாசிப்பவர் எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் சொல்லைச் சொல்லாகப் பார்ப்பதுபோல, இந்த இணைகள் கூட்டாமலே கண்ணில் பட வேண்டும். மேசையிலும் சீட்டுகளை விழும் வரிசையில் ஒவ்வொன்றாகத் துரத்தாமல், ஒவ்வொருவருக்கும் இரண்டாவது சீட்டு விழுந்தபின் அந்த இணையைச் சேர்த்து எண்ணுங்கள். கடைசியாக, தொலைக்காட்சி ஓடும் அறையில், யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது எண்ணிப் பழகுங்கள். பேச்சுக்குப் பதில் சொன்னபின்னும் எண் நினைவில் நிற்கிறதா என்பதே உண்மையான தேர்வு.

கழித்தல் குறியோடு வரும் எண்கள் மனத்தில் நழுவுகின்றன என்றால், எல்லாவற்றோடும் 40ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது தொடக்கம் 20, பந்தயத்தை ஏற்றத் தொடங்கும் இடம் 36, இன்சூரன்ஸ் 43, துல்லியமான அந்தப் புள்ளி 44. ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு வழிகளில் ஒன்றை முதல் நாளே முடிவு செய்து, அதிலேயே நில்லுங்கள்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்றவரை நேராகப் பதில் சொல்கிறேன். மேசையின் குறைந்தபட்சப் பந்தயத்தை ஓர் அலகு என்று கொண்டால், -4க்குக் கீழே ஓர் அலகு, -4 முதல் -1 வரை இரண்டு, 0 முதல் +3 வரை நான்கு, +4 முதல் எட்டு என்று வைத்துக்கொள்வது ஆறு கட்டு மேசைக்கு நியாயமான ஏற்பாடு. இதைத் தாங்கக் குறைந்தது ஆயிரம் அலகுகள் வேண்டும். ட்ரூ கவுண்ட் 4இல் உங்கள் சாதகம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். அந்தச் சாதகத்துக்குக் கையிருப்பில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் பந்தயம் போடுவது கணிதம் அனுமதிக்கும் உச்ச வரம்பு; எட்டு அலகு அதற்கு உள்ளே அடங்குகிறது. தோற்ற பிறகு பந்தயத்தை இரட்டிப்பாக்கி இழந்ததை மீட்கும் பழக்கம் இருந்தால் அதை முற்றிலும் விட்டுவிடுங்கள். பந்தயத்தை ஏற்றச் சொல்ல வேண்டியது பெட்டியில் எஞ்சிய சீட்டுகள். போன கையின் முடிவுக்கு அதில் எந்த இடமும் இல்லை.

ஆயிரம் அலகு மிகை என்று தோன்றினால் ஏற்ற இறக்கத்தின் அளவைப் பாருங்கள். ஒரு கையின் முடிவு சராசரியிலிருந்து விலகும் திட்ட விலக்கம் பந்தயத்தில் ஏறத்தாழ 1.15 மடங்கு. கணக்கை எளிதாக்க, ஒரே அளவு பந்தயத்தில் எப்போதும் ஒரு சதவீதச் சாதகத்தோடு ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. நூறு கைகளில் எதிர்பார்க்கும் லாபம் ஓர் அலகு. ஆனால் இயல்பான ஏற்ற இறக்கம் பதினொன்றரை அலகு. பத்தாயிரம் கைகளில் எதிர்பார்ப்பு 100 அலகு, ஏற்ற இறக்கம் 115 அலகு. மணிக்கு 70 கைகள் என்றால் ஏறத்தாழ 140 மணி நேரம் ஒரு பிழையும் இன்றி ஆடியபின்னும், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் நீங்கள் நட்டத்தில்தான் இருப்பீர்கள். ஒரு மாலை தோற்றதால் முறை பொய்யாகிவிடாது. ஒரு மாலை ஜெயித்ததால் நீங்கள் சரியாக எண்ணினீர்கள் என்றும் ஆகாது. வாடகைக்கோ படிப்புச் செலவுக்கோ கடனுக்கோ உரிய தொகையிலிருந்து இந்த ஆயிரம் அலகு வருவதாக இருந்தால், ஆடவேண்டாம் என்பதே என் தொழில்முறை ஆலோசனை. தோற்ற நாளில் எழுந்துவர முடியவில்லை என்று எப்போதாவது உணர்ந்தால், கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, சூதாட்டப் பழக்கத்துக்கு உதவும் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இணையவழி ஆட்டத்தில் கணினி நிரல் சீட்டு வழங்கும் வகையில் பொதுவாக ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கப்படுகிறது; எனவே அங்கே கணக்குக்கு வேலையில்லை. உண்மையான டீலர் ஒளிபரப்பில் சீட்டு வழங்கும் வகையில் எண்ண முடியும். ஆனால் பெரும்பாலும் எட்டுக் கட்டுகளை வைத்து ஏறத்தாழ பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் பலன் மிகக் குறைவு. பழகுவதற்கு அது நல்ல இடம்: பணம் போடாமல் பார்த்துக்கொண்டே எண்ணலாம்.

சட்டத்தைப் பற்றி ஒன்று. மனத்தால் எண்ணுவது ஏமாற்று வேலை அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், எண்ணுகிறார் என்ற காரணத்துக்காக ஒருவரை வெளியேற்றக் காசினோக்களுக்கு அதிகாரம் இல்லை என்று, சீட்டு எண்ணி ஆடிய கென் உஸ்டன் தொடுத்த வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. நெவாடாவிலோ விடுதி உங்களை ஆட வேண்டாம் என்று சொல்லிவிடலாம்; அப்படிச் சொன்னால் வாதாடாமல் எழுந்துவிடுவதே முறை. ஆனால் கருவியோ கைபேசிச் செயலியோ துணைக்கு வைத்துக்கொள்வது வேறு விஷயம். நெவாடாவில் 1985 முதல் அது குற்றம். பயிற்சிக்குச் செயலி இருக்கட்டும். மேசைக்கு அது வரக் கூடாது. நீங்கள் வசிக்கும் இடத்தில் பணம் வைத்து ஆடுவதே அனுமதிக்கப்பட்டதா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டுக் கட்டு மேசைக்கு மாறினாலும் நீங்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. தொடக்க எண்ணை -28 என்றும், பந்தயத்தை ஏற்றத் தொடங்கும் எண்ணை -6 என்றும் மாற்றிக்கொண்டால் போதும். இரண்டு கட்டு மேசை கிடைத்தால் -4இல் தொடங்கி +1இல் ஏற்றுங்கள். இன்சூரன்ஸுக்கு எல்லா மேசைகளிலும் அதே +3தான்.